நாற்பத்து நாலுக்கு ஒன்று

மூன்று மாதமாக ஒரே சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஒரு சாண் நீள மாடல் ரயில் எஞ்சின், ஏற்றத்தின் நடுவில் முன்னே போகமுடியாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும் சத்தம். ஈர விரலால் தகரத்தைத் தேய்த்தால் வருமே, அப்படி. நிற்கிற இடமும் மாறவே இல்லை. மூன்று பெட்டியோடு விட்டால் ஏறிவிடும். நாலு பெட்டி கோர்த்தால், அந்த நாலாவது பெட்டி வளைவுக்குள் நுழைகிற இடத்தில் நின்றுவிடும். ஐந்து பெட்டி என்றால் முதல் பெட்டி வளைவைத் தொட்டதுமே நின்றுவிடும். எனக்கு வேண்டியது ஐந்து பெட்டி. நாங்கள் சின்ன வயதில் இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை ஸ்டேஷனில் நின்று எண்ணிய கோச்சி மூன்று பெட்டியோடு போனதே இல்லை.

தலவாக்கலையில் மின்விசிறி, ரைஸ் குக்கர், ரேடியோ திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி அறை ஒன்று சும்மா கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து வந்த சித்தி மகன், அங்கே யாரோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் விற்ற மாடல் ரயில் செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. டீசல் எஞ்சின் ஒன்று, பயணிகள் பெட்டி ஏழு, 18 அங்குல ஆரை கொண்ட வளைவுத் தண்டவாளங்கள் ஒரு கட்டு. எஞ்சினின் மூக்கைப் பார்த்ததும் நம் எம்2 டீசல் எஞ்சின் ஞாபகம் வந்தது. எம்2-வும் கனடாவிலிருந்து வந்ததுதான். 1954-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் அன்பளிப்பாக வந்து, கனடா மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி மலைநாட்டுப் பாதையில் ஓடியது. அப்பா அதை ‘அல்பர்ட்டா’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

செட்டைப் பிரித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். சமதரையில் வட்டமடிக்கிற ரயில் எனக்கு வேண்டாம், ஏற வேண்டும். அதுவும் நம் பாதை ஏறுகிற அதே சரிவில், 1:44-ல்.

440 சென்டிமீட்டர்

ரம்புக்கனையில் ஏற்றம் தொடங்கியதிலிருந்து நம் பாதையின் தலையெழுத்து இந்த 44. நாற்பத்து நாலு அடி முன்னே போனால் ஒரு அடி மேலே, அதைவிடச் செங்குத்தாக இல்லை. 1867-ல் கண்டி, 1885-ல் நானுஓயா, 1924-ல் பதுளை என்று பாதையைக் கொண்டுபோய்ச் சேர்த்த இத்தனை வருட வேலைக்கும் இந்த எல்லையையே வைத்துக்கொண்டார்கள். மலையை வெட்டி, குகை குடைந்து, கல் சுமந்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். எந்த இடத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று லயத்துக் கிழவிகள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு 44 வெறும் எண் இல்லை.

அதில் இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. மாடல் செய்யும்போது எல்லாவற்றையும் சுருக்கியாக வேண்டும். வீடு, பாலம், மரம், ஆள் எல்லாமே 87-ல் ஒரு பங்கு. நானுஓயா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், பட்டிப்பொல ஏறத்தாழ 1,890 மீட்டரில். இடையே உள்ள 290 மீட்டரை 87-ஆல் வகுத்தாலும் மூன்றே கால் மீட்டருக்கு மேல் வருகிறது, என் அறையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். தண்டவாளத்தின் அகலம்கூடப் பொய்தான். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதை எச்ஓ அளவுக்குச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும், கடையில் கிடைப்பதோ 16.5. ஆனால் சரிவு ஒரு விகிதம். அதைச் சுருக்க வேண்டியதில்லை. மலையில் 44-க்கு ஒன்று, மேசையிலும் 44-க்கு ஒன்று. நம் பாதையிலிருந்து எதையாவது குறைக்காமல் கொள்ளாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றால் அது இது ஒன்றுதான் என்று நம்பினேன்.

கணக்கு எளிது. கீழே ஒரு ரயில், அதன் மேல் பாலத்தில் இன்னொரு ரயில் போகவேண்டும். கீழ்த் தண்டவாளத்தின் தலையிலிருந்து மேல் பாலத்தின் அடி வரை எச்ஓ அளவில் மூன்று அங்குலம், 7.6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மேலே உள்ள பலகையின் தடிப்பு, அதன் மேல் ஒட்டும் கார்க், தண்டவாளத்தின் உயரம் எல்லாம் சேர்ந்தால்தான் எஞ்சின் உண்மையில் ஏறவேண்டிய உயரம் தெரியும். நான் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் போட்டிருந்தேன். கார்க் ஐந்து, தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் ஐந்து. கூட்டினால் 9.8, சரி, பத்து என்று வைத்துக்கொண்டேன். பத்தை 44-ஆல் பெருக்கினால் 440 சென்டிமீட்டர். நேராக 150, பிறகு அரைவட்டம் 145, திரும்பி நேராக இன்னொரு 145. மேசைக்குள் அழகாக அடங்கியது. இந்த 440-ஐ மேசையோடு கிடையாக அளப்பதா, சரிவோடு அளப்பதா என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய சரிவில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை.

சரிவைப் பிடிப்பதற்கு ஒரு சட்டம் செய்தேன். 44 சென்டிமீட்டர் நீளமான நேர்ச் சட்டம், அதன் ஒரு முனையின் அடியில் சரியாக ஒரு சென்டிமீட்டர் கட்டை. கட்டை உள்ள முனையைப் பள்ளப் பக்கமாக வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழி நடுவில் நிற்கும் இடமெல்லாம் 1:44. ஏற்றத்தின் அடியும் உச்சியும் சரியான உயர வித்தியாசத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க மேசன் பாஸிடம் தண்ணீர்க் குழாய் மட்டம் இரவல் வாங்கினேன். வீட்டு அத்திவாரத்துக்குப் பிடிக்கிற அதே தெளிந்த குழாய்தான். என் மகள் தொலைபேசியைச் சரிவில் வைத்துப் பார்த்து “1.3 காட்டுதுப்பா” என்றபோது திக்கென்றது. 1:44 என்றால் 2.27 சதவீதம், பாதிதான் வந்திருக்கிறதோ என்று நினைத்தேன். தொலைபேசி காட்டியது பாகை. 2.27 சதவீதச் சரிவு பாகையில் 1.3 தான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மறுபக்கமாகக் குழம்பி 2.27 பாகை வைத்துவிட்டால் அது நாலு சதவீதம் ஆகிவிடும், பெட்டி எதையும் இழுக்கமுடியாது.

ஆக, என் 1:44 மூன்று விதமாகச் சரிபார்த்த 1:44. அதில்தான் எஞ்சின் வழுக்கியது.

தண்டவாளத்தைச் சாராயம் தொட்டுத் துடைத்தேன். எஞ்சினைக் கழற்றி மோட்டரைச் சுத்தம் செய்தேன், பிரஷ் மாற்றினேன். மின்னழுத்தம் அளந்தேன், வளைவில் இரண்டு இடத்தில் புதிதாக வயர் பற்றவைத்தேன். என் தொழில் அதுதானே, கை தானாக மின்சாரத்தில்தான் பிழை தேடியது. மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லை. சக்கரம் நன்றாகத்தான் சுற்றுகிறது, பிடிப்புத்தான் இல்லை. சரிவைக் குறைத்துவிடலாம் என்று மனம் ஒரு பக்கம் சொல்லும். 44-ஐ விட்டால் இது யாருடைய பாதையோ ஆகிவிடும் என்று இன்னொரு பக்கம் சொல்லும். நிஜ எஞ்சின் ஏறுகிறதே, இது ஏன் ஏறவில்லை? அந்தக் கேள்வி தீரவே இல்லை.

பெரியப்பாவின் விரல்

பெரியப்பா ரயில் பாதைக் கேங்கில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வட்டகொடைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் அவர் கை படாத சிலிப்பர் இருக்காது. மாலையில் கடைப்பக்கம் வந்தால் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போவார். மாடல் ரயிலை அவர் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை, பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்திருந்திருப்பார். அன்று மழை விடாமல் பெய்ததால் உள்ளே வந்து உட்கார்ந்தார். எஞ்சின் வழக்கம்போல வளைவில் நின்று சக்கரத்தைச் சுற்றியது.

“ஏத்தம் என்னா கணக்கு?” என்று கேட்டார்.

“நாப்பத்தி நாலுக்கு ஒன்னு, பெரியப்பா. நம்ம பாதை கணக்கேதான்.”

“வளைவு?”

“பதினெட்டு அங்குலம்.”

“அது சரி, நம்ம பாதையில எவ்வளவுன்னு கேட்டேன்.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே சொன்னார். “அஞ்சு செயின். அதுக்குக் கொறஞ்ச வளைவு மேல் பாதையில கெடையாது.” செயின் என்பது பழைய நீள அளவு, ஒரு செயின் 66 அடி.

பிறகு எழுந்து வந்தார். எஞ்சினைத் தொடவில்லை. ஒரு பெட்டியை மட்டும் கழற்றி, மேசையின் மட்டமான பக்கத்தில் நேர்த் தண்டவாளத்தில் வைத்தார். சுட்டுவிரலால் மெல்ல ஒரு தட்டு. பெட்டி ஓடி, மூன்றடிக்கு மேல் போய் நின்றது. அதே பெட்டியை மட்டமான வளைவில் வைத்து அதே போல ஒரு தட்டு. இரண்டடிகூடப் போகவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலைந்து முறை தட்டினார். ஒவ்வொரு முறையும் வளைவில் சீக்கிரமே நின்றது. அங்கே ஏற்றமே இல்லை, ரசமட்டம் வைத்துப் பார்த்த இடம் அது.

“பாத்தியா தம்பி? நீ ஏத்தத்த அளந்த. வளைவ அளக்கல. வளைவும் ஒரு ஏத்தந்தாண்டா.”

முப்பது வருடம் வளைவுத் தண்டவாளத்தின் தேய்மானத்தைப் பார்த்தவர் சொல்கிறார். வளைவில் போட்ட தண்டவாளம் நேரில் போட்டதைவிடச் சீக்கிரம் தேயும். வெளிப்பக்கத் தண்டவாளத்தின் உள் விளிம்பு கத்திபோல மின்னும். அந்தத் தேய்மானத்துக்கெல்லாம் யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்டார். “எஞ்சின்தான் குடுக்குது.”

அவர் போன பிறகு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். ரயில் பெட்டியில் எதிரெதிரே உள்ள இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கிப் பொருத்தியவை, ஒன்றைவிட்டு ஒன்று தனியாகச் சுற்றமுடியாது. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போகவேண்டும். ஒரு அரைவட்டத்தில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட எவ்வளவு நீளம் என்று பார்த்தால், அது தண்டவாள அகலத்தை 3.14-ஆல் பெருக்கிய அளவு. ஆரை எதுவானாலும் அதே அளவுதான்! என் மேசையில் 5.2 சென்டிமீட்டர், நிஜப் பாதையில் ஏறத்தாழ ஐந்தே கால் மீட்டர். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், அந்தத் தூரத்தை எவ்வளவு நீளத்துக்குள் சமாளிக்கவேண்டும் என்பதில். ஐந்து செயின் என்றால் நூறு மீட்டர் ஆரை, அரைவட்டம் 316 மீட்டர். என் அரைவட்டமோ 145 சென்டிமீட்டர். கணக்குப் பார்த்தால் என் சக்கரங்கள் நிஜச் சக்கரங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வழுக்கித் தேயவேண்டியிருக்கிறது. ஐந்து செயினை 87-ஆல் சுருக்கினால் 115 சென்டிமீட்டர் ஆரை வரும். நான் வைத்திருந்தது 46. சரிவை அப்படியே கொண்டுவந்தேன், அதைத் தாங்கிய வளைவை மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாடல் ரயில்காரர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 32-ஐ வளைவின் ஆரையால், அங்குலத்தில், வகுத்தால் வருவது அந்த வளைவு சேர்க்கிற கூடுதல் சரிவு, சதவீதத்தில். 18 அங்குலம் என்றால் ஏறத்தாழ 1.8. அதாவது என் எஞ்சின் ஏறியது 2.27 அல்ல, நாலு சதவீதம். 25-க்கு ஒன்று. நிஜப் பாதைகளிலும் மலை ஏற்றம் போடும் பொறியியலாளர்கள் வளைவில் சரிவைக் கொஞ்சம் தளர்த்துவது வழக்கம். நூறு அடி போவதற்குள் பாதை ஒரு பாகை திரும்பினால் அது ஒரு பாகை வளைவு, அதற்கு 0.04 சதவீதம் என்று பிடிப்பார்கள். ஐந்து செயின் வளைவு பதினேழு பாகைக்குக் கொஞ்சம் மேலே வரும், அதற்கு 0.7 சதவீதம். நிஜத்தில் 0.7, என் மேசையில் 1.8.

பலகையும் தராசும்

இதற்குப் பிறகு யாரோ சொன்ன எண்ணை நம்பி வேலை செய்யக்கூடாது, என் பெட்டிகளையே கேட்கவேண்டும் என்று தோன்றியது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், யார் வீட்டிலும் செய்யலாம்.

ஒரு மீட்டர் நீளப் பலகையில் தண்டவாளத் துண்டை ஒட்டினேன். பெட்டியை வைத்து, பலகையின் ஒரு முனையைத் தீப்பெட்டி, அட்டை என்று அடுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். ஒவ்வொரு உயரத்திலும் பெட்டியை லேசாகத் தட்டிவிட வேண்டும், நின்ற பெட்டி புறப்படுவதற்குக் கூடுதல் உந்தல் தேவைப்படும் என்பதால். தட்டிய வேகத்திலேயே நிற்காமல் கீழிறங்கினால் அதுதான் அந்தப் பெட்டியின் எண். என் பெட்டிகள் இரண்டு சென்டிமீட்டரில் இறங்கின. அதாவது சமதரையிலேயே அவற்றை இழுப்பது இரண்டு சதவீத ஏற்றம் ஏறுவதற்குச் சமம். ஒரு பெட்டி மட்டும் மூன்றரை வரை அசையவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். பின் அச்சில் ஒரு தலைமுடி, யார் தலைமுடியோ, கனடாவிலிருந்து வந்ததோ என்னவோ, அச்சின் முனையில் பத்துச் சுற்றுச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாக இறுகிக் கிடந்தது. ஊசியால் நெம்பி எடுத்ததும் அதுவும் இரண்டுக்கு வந்தது.

நிஜப் பெட்டிக்கு இந்த எண் மிகவும் சிறியது. சமதரையில் ஒரு டன்னை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவை போதும். அதே டன்னை 1:44-ல் ஏற்ற அதற்கு மேல் இன்னும் 22.7 கிலோ வேண்டும். அங்கே ஏற்றம்தான் பெரும் சுமை, மற்றதெல்லாம் சில்லறை. மேசையில் அப்படி இல்லை. உருள்வதற்கு இரண்டு, ஏற்றத்துக்கு 2.27, வளைவுக்கு 1.8, மூன்றுமே கிட்டத்தட்ட சமமான சுமை. அதனால்தான் ஏற்றத்தை மட்டும் பார்த்தவனுக்குக் கணக்கு உதைத்தது.

அடுத்து எஞ்சின் எவ்வளவு இழுக்கும்? பக்கத்து நகைக்கடையில் தராசு இரவல் கேட்டேன். தராசின் மேல் நூறு கிராம் படிக்கல், அந்தப் படியில் கட்டிய நூல் சின்னக் கப்பி ஒன்றின் மேலாக எஞ்சினின் கொக்கிக்கு. எஞ்சினை ஓடவிட்டால் நூல் படியைத் தூக்கப் பார்க்கும், தராசின் எண் இறங்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கும் நேரத்தில் தராசு 64 காட்டியது. அப்படியானால் இழுவை 36 கிராம். எஞ்சினின் எடை 280, ஒரு பெட்டி 110. இந்த எஞ்சினில் மோட்டர் ஒரு பக்கச் சக்கரத் தொகுதியை மட்டும்தான் சுற்றுகிறது, அதனால்தான் இவ்வளவு குறைவு.

இப்போது கூட்டிக் கழிக்கலாம். சமதரையில் நேராகப் போனால் பெட்டிக்கு 2.2 கிராம், 36 கிராமில் பதினாறு பெட்டி போகும். நேரான 1:44-ல் எஞ்சின் முதலில் தன்னைத் தூக்கவேண்டும், அதற்கு 6.4 கிராம் போய்விடும். மிச்சம் 29.6. பெட்டிக்கு 4.7 வீதம் ஆறு பெட்டி. அதே 1:44-ஐ 18 அங்குல வளைவில் வைத்தால் எஞ்சினுக்கே 11.3 போய்விடுகிறது. மிச்சம் 24.7, பெட்டிக்கு 6.6 வீதம் மூன்று பெட்டி, நாலாவதுக்குக் கொஞ்சம் பற்றாது. மூன்று மாதமாக நான் பார்த்தது அதைத்தான். நாலாவது பெட்டி வளைவுக்குள் நுழையும் இடம், ஐந்து என்றால் முதல் பெட்டி நுழையும் இடம், எல்லாமே காகிதத்தில் அப்படியே வந்தது. இரவு ஒரு மணி இருக்கும். மனைவியை எழுப்பிக் காட்டினேன். “நாளைக்குச் சொல்லுங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வளைவைப் பிரித்து மறுபடி போட்டேன். வளையக்கூடிய நீளத் தண்டவாளம் வாங்கி ஆரையை 61 சென்டிமீட்டராக்கினேன், 24 அங்குலம். இப்போது வளைவு சேர்ப்பது 1.33. நேரில் 2.27 என்றால் வளைவில் 0.94 மட்டும் வைத்தேன். இரண்டையும் கூட்டினால் வளைவிலும் 2.27-தான். எஞ்சினுக்கு அடியிலிருந்து உச்சி வரை ஒரே பாரம். 44 என்னைவிட்டுப் போகவில்லை, எஞ்சின் உணர்கிற 44 ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் வளைவில் விட்டுக்கொடுத்த உயரத்தை எங்கேயாவது பிடிக்கவேண்டுமே. மேல் பாலத்தின் 12 மில்லிமீட்டர் பலகையை எடுத்துவிட்டு 4 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டத்தில் தாங்கவைத்தேன். ஏறவேண்டிய உயரம் பத்திலிருந்து ஒன்பதானது. அந்த ஒரு சென்டிமீட்டர் எனக்கு 44 சென்டிமீட்டர் பாதையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. ஏற்றத்தில் உயரத்தைக் குறைப்பதைப்போல லாபமான வேலை வேறு இல்லை. மிஞ்சிய நீளத்தை அடியிலும் உச்சியிலும் மெல்ல வளைந்து ஏறவும் இறங்கவும் விட்டேன். முன்பு சமதரையிலிருந்து சரிவு சட்டென்று தொடங்கிய இடத்தில் கொக்கிகள் ஒன்றையொன்று தூக்கிக் கழன்றுவிடும். இப்போது ஒரு பெட்டி நீளத்துக்கு அரை சதவீதம், பிறகு ஒன்று, ஒன்றரை என்று போகிறது. கழல்வது நின்றுவிட்டது.

பெரியப்பாவை வரச்சொல்லி ஐந்து பெட்டியோடு விட்டேன். ஏறியது. வளைவில் சத்தம்கூட மாறவில்லை. “இன்னொன்னு மாட்டு” என்றார். ஆறாவதைக் கோர்த்தேன். உச்சிக்கு ஒரு அடி முன்னால் சக்கரம் ஒரு தடவை வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. அவர் தலையாட்டினார். “காலையில பனி நேரத்துல இது ஏறாது. மணல் போடணும். கடுகண்ணாவையில அந்தக் காலத்துல பின்னாடி இன்னொரு எஞ்சின் வச்சுத்தான் தள்ளுனாங்க.” பிறகு ஐந்து பெட்டியோடு எட்டு முறை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போனார். இப்போது அநேகமாக எல்லா மாலையும் வருகிறார்.

தலைப்பாகை

அடுத்து மேசையில் செய்யப்போவது தெமோதரை. அங்கே பாதை ஒரு மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள குகைக்குள் நுழைந்து போகும். இதை எப்படிப் போடுவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் வழி தெரிந்தது என்று மலையகத்தில் ஒரு கதை உண்டு. எனக்கு அப்பாயி சொன்னது. சின்ன வயதில் அதைக் கங்காணியின் பெருமைக்காகக் கேட்டேன். இப்போது காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்க்கும்போது அந்தத் துணியின் நீளம் கண்ணுக்குத் தெரிகிறது. தலை பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிகத் துணி போகும், ஒரு சுற்றில் ஏறும் உயரமோ அதேதான். சரிவு தளர்ந்துவிடும், வளைவும் தளர்ந்துவிடும். வட்டத்தைப் பெரிதாக்கினால் இரண்டு சுமையும் சேர்ந்தே குறைகின்றன.

என் கணக்கு இப்படி. 61 சென்டிமீட்டர் ஆரையில் ஒரு முழுச் சுற்று 383 சென்டிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் ஏறினால் 2.35 சதவீதம், வளைவுக்கு 1.33, மொத்தம் 3.7. நாலு பெட்டிதான் ஏறும். 76 சென்டிமீட்டர் ஆரை என்றால் சுற்று 477. சரிவு 1.88, வளைவு 1.07, மொத்தம் மூன்றுக்குக் கொஞ்சம் உள்ளே. ஐந்து பெட்டி மயிரிழையில் ஏறும். மோட்டர் உள்ள சக்கரத் தொகுதிக்கு மேல் தூண்டில் ஈயம் இருபது கிராம் ஒட்டினால் கொஞ்சம் தாராளமாகவே ஏறும், அதையும் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும்.

76 சென்டிமீட்டர் ஆரைக்கு மேசை ஐந்தேகால் அடி அகலத்துக்கு அறையின் அந்த மூலை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கதவு உள்பக்கமாகத் திறப்பதால் இடிக்கிறது. பெரியப்பா வாசலில் நின்று முழத்தால் அளந்து பார்த்துவிட்டு, நிலையைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டிவிடலாம் என்றார். மேசன் பாஸிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார், தண்ணீர்க் குழாய் மட்டத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.